டிவி விளம்பரமும் குழந்தையின் பசியும்: ஆய்வுகள் சொல்வது என்ன, சட்டங்கள் கோட்டைவிடுவது எங்கே

ஜங்க் ஃபுட் விளம்பரங்களுக்குத் தடை என்று செய்தி வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் கிளம்பும். அரை நிமிட விளம்பரம் ஒரு குழந்தையின் சாப்பாட்டையே மாற்றிவிடுமா? அப்படியே மாற்றினாலும், வாங்கிக் கொடுப்பது பெற்றோர்தானே? பிரிட்டனில் 2026 ஜனவரி 5 முதல் அதிகாலை 5.30 மணி தொடங்கி இரவு 9 மணி வரை டிவியில் இத்தகைய விளம்பரங்களுக்குச் சட்டப்படி தடை வந்தபோதும் இதே விவாதம்தான் நடந்தது. முதல் கேள்விக்கு ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே பதில் சொல்கின்றன. இரண்டாவது கேள்வி, விளம்பரம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் எழுவது. சட்டம் எழுதியவர்கள் பலரும் அதே தவறைச் செய்திருக்கிறார்கள்.

எது ஜங்க் ஃபுட்? அதை எப்படி அளப்பது?

பேச்சுவழக்கில் பொரித்தது, பாக்கெட்டில் வருவது, பாட்டிலில் வருவது எல்லாமே ஜங்க் ஃபுட்தான். சட்டத்துக்கு அது போதாது. விளம்பரத்தை நிறுத்த வேண்டுமென்றால், இந்தப் பண்டம் உள்ளே, அந்தப் பண்டம் வெளியே என்று கோடு போட்டாக வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பரவலாக எடுத்துக்காட்டப்படுவது, பிரிட்டனின் உணவுத் தர முகமைக்காக மைக் ரெய்னர் தலைமையிலான ஆக்ஸ்ஃபோர்டு குழு 2004-05இல் உருவாக்கிய மதிப்பெண் முறை. அதன் கணக்கு இப்படிப் போகும்:

1. 100 கிராமில் உள்ள ஆற்றல், நிறைவுற்ற கொழுப்பு, சர்க்கரை, சோடியம் ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 10 வரை குறைப் புள்ளிகள். சர்க்கரை 4.5 கிராமைத் தாண்டினால் 1, 9 கிராமைத் தாண்டினால் 2, 31 கிராமைத் தாண்டினால் 7, 45 கிராமைத் தாண்டினால் 10. சோடியத்துக்கு ஒவ்வொரு 90 மில்லிகிராமுக்கும் ஒரு புள்ளி.
2. பழம்-காய்கறி-கொட்டைகள் (நட்ஸ்), நார்ச்சத்து, புரதம் ஆகிய மூன்றுக்கும் தலா 0 முதல் 5 வரை நிறைப் புள்ளிகள்.
3. குறையிலிருந்து நிறையைக் கழிக்க வேண்டும். உணவுக்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தாலும், பானத்துக்கு 1 அல்லது அதற்கு மேல் வந்தாலும் கட்டுப்பாடு உண்டு.
4. குறைப் புள்ளிகள் 11ஐ எட்டிவிட்டால் புரதப் புள்ளிகளைக் கழிக்க முடியாது. பழம்-காய்கறிக்கு முழு 5 புள்ளிகள் வாங்கியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

நான்காவது விதி எதற்கு என்பது ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டால் விளங்கும். குழந்தைகளுக்கான இனிப்பு சீரியல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 100 கிராமில் 1,600 கிலோஜூல் ஆற்றல், அதற்கு 4 புள்ளி. நிறைவுற்ற கொழுப்பு 0.8 கிராம், 0 புள்ளி. சர்க்கரை 35 கிராம், 7 புள்ளி. சோடியம் 300 மில்லிகிராம், 3 புள்ளி. மொத்தம் 14. நார்ச்சத்து 3 கிராம் இருப்பதால் 3 புள்ளி கழியும். பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அந்த 5 கிராம் புரதத்துக்கு 3 புள்ளி கிடைத்திருக்க வேண்டும். ஆனால் குறைப் புள்ளி 11ஐத் தாண்டிவிட்டதால் அது செல்லாது. முடிவு 11. புரதத்தையும் நார்ச்சத்தையும் கொஞ்சம் தூவி சர்க்கரையை மறைக்கும் வேலை இங்கே எடுபடாது.

100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை உள்ள குளிர்பானத்துக்குக் குறைப் புள்ளி வெறும் 2தான். பானத்துக்கான எல்லை 1 என்பதால் அதுவும் மாட்டிக்கொள்ளும். இந்த முறைக்கும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். பாலாடைக்கட்டியும் இதில் தேறாது என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. நியாயமான குறைதான். ஆனால் இந்த மதிப்பெண், பண்டத்தைச் சாப்பிடலாமா என்பதற்கான தீர்ப்பு அல்ல. குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் அதைக் கூவி விற்கலாமா என்பதற்கான சல்லடை மட்டுமே.

விளம்பரம் உண்மையில் என்ன செய்கிறது?

விளம்பரத் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வாதம் ஒன்று உண்டு: "குழந்தை எப்படியும் சிப்ஸ் சாப்பிடத்தான் போகிறது. எங்கள் சிப்ஸா, அடுத்தவர் சிப்ஸா என்பதைத்தான் விளம்பரம் தீர்மானிக்கிறது." இது சரியாக இருந்தால், விளம்பரத்தால் மொத்தச் சாப்பாட்டு அளவு கூடக் கூடாது. கூடுகிறது.

அமெரிக்காவில் ஜெனிஃபர் ஹாரிஸும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சோதனையில், 7 முதல் 11 வயதுக் குழந்தைகள் ஒரு கார்ட்டூன் பார்த்தார்கள். பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் சிறிய உப்பு பிஸ்கட்டுகள். ஒரு பிரிவினர் பார்த்த கார்ட்டூனின் இடையில் உணவு விளம்பரங்கள் வந்தன, மற்றொரு பிரிவினருக்கு வேறு விளம்பரங்கள். உணவு விளம்பரம் பார்த்தவர்கள் 45 சதவீதம் அதிகமாகச் சாப்பிட்டார்கள். கவனிக்க வேண்டியது, கிண்ணத்தில் இருந்த பிஸ்கட் விளம்பரத்தில் வரவே இல்லை. அதாவது விளம்பரம் அந்தந்த பிராண்டை மட்டும் விற்கவில்லை. சாப்பிடும் ஆசையையே கிளப்பிவிட்டது. எது கைக்கு எட்டியதோ அது உள்ளே போனது.

சரி, அப்போது கூடச் சாப்பிட்டால் அடுத்த வேளை குறைத்துக்கொள்ள மாட்டார்களா? ஆஸ்திரேலியாவில் ஜென்னிஃபர் நார்மன் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. 7 முதல் 12 வயதுக் குழந்தைகள், 6 நாள் முகாம். டிவியோடு சேர்த்து இணைய விளையாட்டிலும் உணவு விளம்பரம் பார்த்த குழந்தைகள் சிற்றுண்டி நேரத்தில் அதிகமாகச் சாப்பிட்டார்கள். மதியச் சாப்பாட்டில் அதை ஈடுகட்டவில்லை. ஒரு நாளின் கணக்கில் 194 கிலோஜூல், அதாவது சுமார் 46 கலோரி கூடியது. ஏறியது ஏறியதுதான். 46 கலோரி ஒரு நாளைக்குப் பெரிய எண்ணாகத் தெரியாது. தினமும், வருடக்கணக்கில் என்று வைத்துப் பார்த்தால் கதை வேறு. எடை கூடுதலாக இருந்த குழந்தைகளிடம் இந்தக் கூடுதல் இன்னும் அதிகமாகவே இருந்தது.

பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட எம்மா பாய்லேண்ட் குழுவின் 2016ஆம் ஆண்டு தொகுப்பும் இதே திசையில்தான் போகிறது: விளம்பரம் குழந்தைகளைக் கூடச் சாப்பிட வைக்கிறது, பெரியவர்களிடம் அப்படித் தெளிவான விளைவு இல்லை. "நானும்தான் விளம்பரம் பார்த்து வளர்ந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒரு பெரியவர் சொல்வது ஏன் சாட்சியாகாது என்பதற்கு இதுவே விடை.

ஒரு எச்சரிக்கையும் தேவை. விளம்பரம் விருப்பத்தை மாற்றுகிறது, கேட்டு அடம்பிடிக்க வைக்கிறது, உடனடியாகக் கூடச் சாப்பிட வைக்கிறது. இந்த மூன்றுக்கும் ஆதாரம் வலுவாக இருக்கிறது. விளம்பரம்தான் உடல் பருமனுக்குக் காரணம் என்று நேரடியாக நிரூபிப்பது கடினம். பருமனுக்குப் பத்துக் காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. டிவி பார்க்கும் குழந்தை உட்கார்ந்தே இருக்கிறது, கவனமில்லாமல் கொறிக்கிறது என்பதும் உண்மை. இந்தச் சிக்கலைப் பிரித்துப் பார்க்க முயன்றது ஃபிரெட்ரிக் ஸிம்மர்மேனும் ஜானிஸ் பெல்லும் 2010இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. விளம்பரத்தோடு வரும் டிவியைப் பார்ப்பதற்கும் சிறு குழந்தைகளின் எடைக்கும் தொடர்பு தெரிந்தது. விளம்பரமில்லாத டிவிக்கு அந்தத் தொடர்பு இல்லை. உட்கார்ந்திருப்பது மட்டுமே காரணமென்றால் இரண்டுக்கும் ஒரே விளைவு இருந்திருக்க வேண்டும்.

"சொல்லிப் புரியவைத்தால் போதாதா?"

குழந்தைகள் விளம்பரத்தைப் புரிந்துகொள்ளும் திறன் வயதோடு படிப்படியாக வளர்கிறது.

1. 4, 5 வயது வரை நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் இடையிலான கோடே மங்கல். கார்ட்டூன் பாத்திரம் விளம்பரத்திலும் வந்தால் கோடு முற்றிலும் அழிந்துவிடும்.
2. 5 முதல் 7 வரை, விளம்பரம் என்பது "சின்னதா, வேடிக்கையா வருமே, அது" என்று தெரியும். எதற்காக வருகிறது என்று தெரியாது.
3. 7, 8 வயதில்தான் "இவர்கள் நம்மை வாங்க வைக்கப் பார்க்கிறார்கள்" என்ற புரிதல் தொடங்குகிறது. 8 வயதுக்கு உட்பட்டோரைக் குறிவைக்கும் விளம்பரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2004இல் சொன்னது இந்த அடிப்படையில்தான்.

இதிலிருந்து பலரும் ஒரு முடிவுக்குத் தாவுகிறார்கள்: புரியாததுதான் பிரச்சினை, எனவே புரியவைத்தால் தீர்ந்தது. சட்டங்களின் வயது வரம்பு 12, 13 என்று நின்றுபோனதற்கும் இந்தத் தாவல்தான் காரணம். ஆனால் புரிதல் கூடக் கூட விளைவு குறைகிறது என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. சோனியா லிவிங்ஸ்டனும் எலன் ஹெல்ஸ்பரும் 2006இல் இந்த ஆய்வுகளை அலசியபோது, பதின்வயதினர் சிறுவர்களைவிடக் குறைவாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

இன்னும் பழைய சோதனை ஒன்று இதைவிடத் தெளிவு. கனடாவின் கியூபெக்கில் ஒரு கோடை முகாமில் 5 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு வாரம் தினமும் கார்ட்டூன் காட்டினார்கள் ஜெரால்டு கார்ன், மார்வின் கோல்ட்பெர்க் இருவரும் (1982). ஒரு பிரிவுக்கு மிட்டாய் விளம்பரம், ஒரு பிரிவுக்குப் பழ விளம்பரம், ஒரு பிரிவுக்கு விளம்பரமே இல்லை. பிறகு சிற்றுண்டியைக் குழந்தைகளே எடுத்துக்கொள்ளலாம். மிட்டாய் விளம்பரம் பார்த்தவர்கள் மிட்டாயை அதிகம் எடுத்தார்கள். "முகாம் டாக்டர் எதைச் சாப்பிடச் சொல்வார்?" என்று கேட்டபோது, பழம் என்று எல்லாப் பிரிவினரும் சரியாகவே சொன்னார்கள். மிட்டாயை எடுத்த குழந்தைக்கும் விடை தெரிந்திருந்தது.

2016இல் வந்த அமெரிக்க மூளைப் படச் சோதனை இதற்கு ஓரளவு விளக்கம் தருகிறது. 8 முதல் 14 வயதுக் குழந்தைகள் உணவு விளம்பரம் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கும்போது, ருசிக்குக் கொடுத்த எடை கூடியது. முடிவையும் வேகமாக எடுத்தார்கள். ஆரோக்கியத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அழியவில்லை. தேர்ந்தெடுக்கும் அந்த நொடியில் அதற்கு வேலை இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

விளம்பரத்தின் கைவரிசைகள்

குழந்தைக்கான உணவு விளம்பரத்தை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்த்தால் அதன் கட்டுமானம் தெரியும். பண்டம் முழுதாகத் தெரியும் நேரம் சில விநாடிகள்தான். சீஸ் இழுபடுவது, சாக்லேட் வழிவது, பானம் நுரைப்பது போன்ற நெருக்கக் காட்சிகள் அந்த விநாடிகளை எடுத்துக்கொள்ளும். மீதி நேரம் நண்பர்கள், விளையாட்டு, வெற்றி, பெரியவர்களை ஏமாற்றும் குறும்பு. பாக்கெட்டுக்குள் பொம்மை இருந்தால் அதற்குத் தனியாக ஒரு காட்சி. கார்ட்டூன் பாத்திரத்தை ஒட்டுவதற்குக் காசு கொடுத்து உரிமம் வாங்குவது வீணல்ல: 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் ஒரே பண்டத்தை இரண்டு உறைகளில் கொடுத்தபோது, பாத்திரத்தின் படம் ஒட்டிய உறையில் இருந்ததே அதிக ருசி என்று பெரும்பாலோர் சொன்னார்கள் (கிறிஸ்டினா ராபர்ட்டோ குழு, 2010). உறையில் இருந்தது ஒரே பண்டம்.

கடைசி இரண்டு விநாடிகளில் வரும் "கால்சியம்", "இரும்புச்சத்து", "முழுதானியம்" ஆகியவை குழந்தைக்கு அல்ல. அவை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு. குழந்தை கேட்க வேண்டும், பெற்றோர் மறுக்கக் காரணம் இல்லாமல் போக வேண்டும். ஒரே விளம்பரம் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் பேசுகிறது. "வாங்கிக் கொடுப்பது பெற்றோர்தானே" என்ற கேள்விக்கு விளம்பரம் எடுத்தவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது: அதைக் கணக்கில் எடுத்துத்தான் அவர்கள் படமே எடுக்கிறார்கள்.

இதற்கு மேல் எத்தனை முறை என்பது வேறு. விளம்பர நேரம் வாங்குபவர்கள் பேசும் அலகு ஜி.ஆர்.பி. இலக்குப் பார்வையாளரில் எத்தனை சதவீதம் பேரை எட்டியது என்பதைச் சராசரியாக எத்தனை முறை எட்டியது என்பதால் பெருக்கினால் வரும் எண். 60 சதவீதம் குழந்தைகளை 5 முறை எட்டினால் 300. ஆகவே ஒரு வீட்டில் சானலை மாற்றுவது சிறு தடை மட்டுமே. அடுத்த சானலிலும் அதே விளம்பரம் வரும்படிதான் நேரம் வாங்கப்பட்டிருக்கும்.

சட்டத்தில் எங்கே ஓட்டை விழுகிறது?

தடை போட்டும் பலன் இல்லை என்று சில நாடுகளைக் காட்டுவார்கள். உண்மைதான், சில தடைகள் பலன் தரவில்லை. எதை அளந்தார்கள் என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

பிரிட்டனில் 2007 தொடங்கி 2009க்குள் முழுமையாக வந்த ஆஃப்காம் (ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விதி, குழந்தைகளை "விகிதத்துக்கு மேல்" ஈர்க்கும் நிகழ்ச்சிகளில் ஜங்க் ஃபுட் விளம்பரத்தைத் தடுத்தது. மக்கள்தொகையில் குழந்தைகளின் பங்கைவிட நிகழ்ச்சியின் பார்வையாளரில் அவர்களின் பங்கு 20 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். குறியீட்டு எண் 120 என்று இதைச் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால்:

1. மக்கள்தொகையில் குழந்தைகள் 15 சதவீதம் என்று கொள்வோம். 120 என்ற குறியீட்டுக்கு எல்லை 18 சதவீதம்.
2. மாலையில் ஒரு கார்ட்டூனை 1 லட்சம் பேர் பார்க்கிறார்கள், அதில் 30,000 பேர் குழந்தைகள். 30 சதவீதம். தடை உண்டு.
3. இரவு 7.30 மணிக்கு ஒரு பாட்டுப் போட்டியை 80 லட்சம் பேர் பார்க்கிறார்கள், அதில் 8 லட்சம் பேர் குழந்தைகள். 10 சதவீதம்தான். தடை இல்லை.

30,000 குழந்தைகளைக் காப்பாற்றிய விதி 8 லட்சம் குழந்தைகளைக் கைவிட்டது. இந்த எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. ஆனால் நடந்தது இதுதான். விதி ஒழுங்காகவே பின்பற்றப்பட்டது. அப்படியிருந்தும் குழந்தைகள் பார்த்த ஜங்க் ஃபுட் விளம்பரங்களின் மொத்தம் குறையவில்லை என்று ஜீன் ஆடம்ஸ் குழுவின் 2012ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. விளம்பரங்கள் குடும்ப நிகழ்ச்சிகளுக்கு இடம் மாறியிருந்தன. நிறுவனங்கள் தாமாக முன்வந்து எடுத்துக்கொள்ளும் உறுதிமொழிகளும் இந்த விகிதக் கணக்கையே பிடித்துக்கொள்கின்றன. ஏன் என்பது இப்போது புரியும்.

சிலி நாட்டின் சட்டம் நேர்மாறான பாதையில் போனது. 2016 ஜூனில் தொடங்கி, கலோரி, சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு வரம்பைத் தாண்டிய பண்டங்களுக்குப் பாக்கெட்டில் கறுப்பு எண்கோண முத்திரை, 14 வயதுக்கு உட்பட்டோரைக் குறிவைத்து விளம்பரம் செய்யத் தடை. முதல் கட்டத்திலேயே பாலகர்கள் பார்த்த இத்தகைய விளம்பரங்கள் சராசரியாக 44 சதவீதமும், பதின்வயதினர் பார்த்தவை 58 சதவீதமும் குறைந்தன. 2018இல் இன்னொரு படி ஏறி, காலை 6 முதல் இரவு 10 வரை டிவியில் முழுத் தடை. பார்வையாளரில் யார் எத்தனை சதவீதம் என்ற கேள்வியே அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

எல்லை தாண்டும் ஒளிபரப்பு அடுத்த ஓட்டை. 12 வயதுக்கு உட்பட்டோரைக் குறிவைக்கும் டிவி விளம்பரத்தை ஸ்வீடன் தடை செய்திருந்தது. லண்டனிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஸ்வீடிஷ் மொழியில் வந்த சானலை அதனால் தொட முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறு உறுப்பு நாட்டிலிருந்து வரும் ஒளிபரப்புக்கு அந்தத் தடையைப் பொருத்த முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1997இல் சொல்லிவிட்டது. வழக்கு உணவு விளம்பரம் பற்றியதுகூட அல்ல, டைனோசர் பற்றிய சிறுவர் இதழின் விளம்பரம் பற்றியது.

கியூபெக்கில் இதே ஓட்டை ஆய்வாளர்களுக்கு நல்ல வாய்ப்பாக அமைந்தது. 13 வயதுக்கு உட்பட்டோருக்கான விளம்பரம் அங்கே 1980 முதல் சட்டவிரோதம். கனடா உச்ச நீதிமன்றமும் 1989இல் அதை உறுதிசெய்தது. ஆனால் ஆங்கிலம் பேசும் குழந்தைகள் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் அமெரிக்கச் சானல்களை அதிகம் பார்த்தார்கள். பிரெஞ்சு பேசும் குழந்தைகள் உள்ளூர்ச் சானல்களோடு நின்றார்கள். ஒரே நகரம், ஒரே சட்டம். கோல்ட்பெர்க் 1990இல் வெளியிட்ட ஒப்பீட்டில், அமெரிக்க டிவி எந்த அளவுக்குப் பார்க்கப்பட்டதோ அந்த அளவுக்கு வீட்டில் சர்க்கரை சீரியல்கள் அதிகம் இருந்தன. இது எந்த மொழி பேசும் குழந்தைக்கும் பொருந்தியது. தடை வேலை செய்யவில்லை என்பதற்கு இதைக் காட்டுவோர் உண்டு. தடை எட்டிய வீட்டில் சீரியல் குறைந்திருந்தது என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டுகிறது.

வீட்டில் எது பலிக்கும், எது பலிக்காது

அறிவுரை பெரிதாகப் பலிக்காது என்பதை மேலே பார்த்தோம். விளம்பரம் கிளப்பும் ஆசை, கைக்கு எட்டுவதைத் தேடுவது என்பதால் தடுக்க வேண்டிய இடமும் அதுதான். டிவி ஓடும்போது அருகில் தின்பண்டம் வைக்காமலிருப்பது, சாப்பாட்டு வேளையில் டிவியை அணைப்பது, சிறு குழந்தைக்கு விளம்பரமில்லாத பதிவுகளைப் போட்டுக்கொடுப்பது, கடைக்குப் போவதை டிவி பார்த்து முடித்த உடனே வைத்துக்கொள்ளாமலிருப்பது ஆகியவை அந்த வகை. நிகழ்ச்சிக்குள்ளேயே செருகப்படும் பண்டங்களையும், நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வரும் ஸ்பான்சர் அட்டைகளையும் இவை தடுக்காது. டிவியையே நிறுத்திவிடுவது சில நாட்களில் கைவிடப்படும் முடிவாகவே பெரும்பாலும் முடிகிறது.

டிவியைத் தாண்டி

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உறுதிமொழிகளை நம்பாமல் கட்டாயச் சட்டம் வேண்டும், எல்லா வயதுக் குழந்தைகளையும் அது காக்க வேண்டும், ஓர் ஊடகத்தை மூடினால் விளம்பரம் இன்னொன்றுக்கு ஓடாதபடி அகலமாக எழுதப்பட வேண்டும் என்கிறது. பிரிட்டனின் புதிய சட்டம் இந்த மூன்றாவது விஷயத்தில் ஒரு பாடம் கற்றிருக்கிறது. இணையத்தில் ஒரு குழந்தை எந்த விளம்பரத்தைப் பார்த்தது என்று வெளியாருக்குத் தெரியாது. கணக்கில் பதிந்திருக்கும் வயது பல நேரம் அம்மா அப்பாவுடையது. அதனால் காசு கொடுத்துப் போடும் ஜங்க் ஃபுட் விளம்பரங்களை இணையத்தில் பார்ப்பவர் யார் என்று பாராமல் எல்லா நேரமும் தடுத்துவிட்டார்கள்.

ஆனால் பண்டத்தைக் காட்டாமல் பிராண்டின் பெயரை, வண்ணத்தை, ராகத்தை மட்டும் காட்டும் விளம்பரத்துக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. 250 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் விலக்கு உண்டு. நிறுவனம் தன் சொந்தப் பக்கத்தில் காசு செலவில்லாமல் போடும் பதிவுகளும் வரம்புக்குள் வராது. பல ஆண்டுகள் டிவியில் ஓடிய ஒரு சின்னத்தைப் பார்த்தவுடன் அதன் பின்னால் இருக்கும் பண்டத்தைச் சொல்லிவிட 5 வயதுக் குழந்தையால் முடியும். புதிய பண்டத்தோடு சந்தைக்கு வரும் சிறு நிறுவனத்துக்குத்தான் பண்டத்தைக் காட்டியாக வேண்டும். முதல் விலக்கால் அதிக லாபம் அடைவது ஏற்கெனவே அதிகம் விளம்பரம் செய்து முடித்த பெரிய நிறுவனங்கள்.